4417, வெள்ளை நூல்

இல்லை, மூக்கு என்னுடையது இல்லை. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் ‘அப்படியே தாத்தா மூக்கு’ என்கிறார்கள். நானும் மறுக்காமல் சிரித்துவைக்கிறேன். சும்மா வருகிற பெருமையை விடுவானேன்? ஆனால் உள்ளதைச் சொன்னால், மூக்கு சம்பந்தியம்மாவுடையது. காது என் மகனுடையது. அழுவதற்கு முன்னால் புருவத்தைச் சுருக்கி ஆளை ஒரு பார்வை பார்க்கிறதே, அது சந்தேகமே இல்லாமல் என் வீட்டுக்காரி. என் பங்குக்கு ஒன்றும் இல்லை. போகட்டும், தூக்கி வைத்துக்கொள்ள மடி இருக்கிறது.

ஆனால் தோள் இருக்கிறதே, அது என் மருமகளுடைய தோள். பேத்திக்கு இப்போது ஐந்து மாதம். எட்டு மாதக் குழந்தைக்கு என்று சொல்லிச் சட்டை வாங்கி வந்தாலும் கழுத்து நுழைகிறது, வயிறு நுழைகிறது, தோளில் போய் மாட்டிக்கொள்கிறது. மருமகள் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டாள். தையலைப் பிரித்து, ஒரு விரல் அகலத்துக்குத் துணி கொடுத்து, மறுபடி தைத்துப் போட்டுவிடுவாள். அந்தத் தோளோடு இருபத்து நாலு வயதுவரை என்ன பாடுபட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போன திங்கட்கிழமை நடந்ததை இன்னும் என்னால் விடமுடியவில்லை.

நானும் அவளும் ஒரே சலவைக் கடையில் வேலை பார்க்கிறோம். நான் முப்பத்தொரு வருடமாக இஸ்திரி மேஜையில் நிற்கிறேன். காலால் மிதித்தால் ஆவி வரும் மேஜை. கடையின் பின்பக்கம், ஜன்னல் எப்போதும் வியர்த்திருக்கும் இடம். எனக்கு இடதுபக்கம் கறை எடுக்கிறவர், அவருடைய புட்டிகள், பூதக்கண்ணாடி, வாய். அவர் வாய் ஓயாது. முன்பக்கம் கவுண்டர். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கவுண்டருக்குத்தான் அவள் வேலைக்கு வந்தாள். அப்போது அவள் என் மருமகள் இல்லை, யாரோ வீட்டுப் பெண்.

நல்ல உயரம். தோள் அகலம். அந்த இரண்டையும் மறைக்க முதுகை வளைத்து, தலையை முன்னால் நீட்டி நிற்பாள். அண்ணனுடைய சாம்பல் நிறச் சட்டைகளைத்தான் போட்டு வருவாள். பெண்கள் சட்டை தோளில் ஏறாது. ஆண்கள் சட்டை தோளில் ஏறினாலும் இடுப்பில் மூட்டை மாதிரி தொங்கும். கறைக்காரர் ஒரே வாரத்தில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்துவிட்டார். அவள் காதுபடவே கூப்பிடுவார். அவளும் திரும்பிப் பார்ப்பாள், அதுதான் எனக்குத் தாங்காது.

இங்கே எங்கள் கடை வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சலவைக்கு வரும் ஒவ்வொரு துணிக்கும் எண் எழுதிய சின்னத் துணிச்சீட்டு ஒன்றைத் தைத்துவிடுவோம். ஒன்றில் தொடங்கி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுவரை போகும். பிறகு மறுபடி ஒன்று. ஒரு சுற்று முடிய ஒன்றரை வருடம் ஆகும். ஒரே எண் திரும்பத் திரும்ப வருமே, குழம்பாதா? அதற்குத்தான் நூல். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிற நூலால் சீட்டைத் தைப்போம். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், பிறகு மறுபடி வெள்ளை. ரசீதிலும் அதே நிறத்தில் முத்திரை குத்துவோம். எங்களுக்கு எண் என்பது பாதிப் பெயர்தான். வெள்ளை 4417 ஒரு ஆள். நீலம் 4417 வேறு ஆள். ஒரே பெயருள்ள இரண்டு பேரை யாராவது ஒன்று என்பார்களா? முப்பத்தொரு வருடமாக எங்கள் மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது.

இன்னொரு வழக்கம். மூன்று வருடமாக யாரும் கேட்டு வராத துணி ஓரத்து அலமாரிக்குப் போகும். கடையில் வேலை செய்கிறவர்கள் வேண்டுமென்றால் ஒரு நோட்டில் எண்ணையும் நூல் நிறத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். முதலாளியம்மா நல்ல மனுஷி. ஆனால் கையெழுத்து விஷயத்தில் இரும்பு.

அந்த ஓரத்து அலமாரிக்குப் பின்னால்தான் ஒருநாள் அவளைப் பார்த்தேன். ஒரு பச்சை கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். கெட்டிக் கம்பளி, பாசிப்பச்சை நிறம், ஆறு பெரிய பொத்தான், அகலமான காலர், இடுப்பில் நறுக்கென்று உள்வாங்கின வெட்டு. நாற்பத்தைந்து, ஐம்பது வருடத்துப் பழையது என்று தையலைப் பார்த்தாலே தெரியும். இடது கைப்பட்டியில் ஒரு சின்ன இலை, பட்டு நூலில் தைத்தது. தோள் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆனால் நான் பார்த்தது கோட்டை இல்லை. அவள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். நான் இருமியதும் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி பதறிக் கழற்றினாள்.

எடுத்துக்கோம்மா, நோட்டில் எழுதிவிட்டு எடுத்துக்கோ என்று நான்தான் சொன்னேன். அதை மறக்கமுடியுமா?

அவளும் எழுதினாள். 4417, வெள்ளை. வீட்டுக்குக் கொண்டுபோய் உள்துணியை மாற்றினாள். பொத்தான்களை இறுக்கினாள். பிறகு பதினைந்து நாள் ஒரு வேடிக்கை நடந்தது. வீட்டிலிருந்து கோட் போட்டுக்கொண்டு வருவாள். கடையின் பின்கதவுக்கு வந்ததும் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். உள்ளே வரும்போது அதே சாம்பல் சட்டை, அதே வளைந்த முதுகு. தெருவில் தெரியாதவர்கள் பார்த்தால் பரவாயில்லை, தெரிந்தவர்கள் பார்க்கக்கூடாது. பதினாறாம் நாள் நேரமாகிவிட்டது. முன்பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கழற்ற மறந்து அப்படியே கவுண்டருக்கு ஓடிவிட்டாள். வந்திருந்த வாடிக்கையாளர் ரசீதை நீட்டாமல் கோட்டையே பார்த்தாராம். இவளுக்குக் காது சிவந்துவிட்டது. அவர் கேட்டது, இதை எங்கே தைத்தீர்கள் என்று.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. பழைய துணிக் கடைகளில் போய்த் துழாவுவாள். இவளுக்கு முந்தின தலைமுறை போட்ட பெரிய காலர் சட்டை, மடிப்பு வைத்த பாவாடை, கால் அகலமான பேன்ட். ‘அப்பல்லாம் ஆளைப் பார்த்துத் தைச்சாங்க மாமா, இப்ப நம்பரைப் பார்த்துத் தைக்கிறாங்க’ என்பாள். எல்லாம் அவளுக்குப் பொருந்தியது என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை ஆரஞ்சு நிறத்தில் ஒன்று போட்டு வந்தாள், பார்க்கப் பாதை மறிக்கும் பலகை மாதிரி இருந்தது. கறைக்காரர் அன்று முழுக்க அவளைச் சுற்றிக்கொண்டு போனார். ஆனால் அவள் அதை மறுநாளும் போட்டு வந்தாள் பாருங்கள், அதுதான் விஷயம். கறைக்காரரே கடைசியில் பட்டத்தை மாற்றினார். கேள்விக்குறி நிமிர்ந்து ஆச்சரியக்குறி ஆகிவிட்டது என்றார்.

என் மகன் லிஃப்ட் ரிப்பேர் வேலை செய்கிறவன். அவனுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும்? திடீரென்று ஒரே சட்டையை ஒரே மாதத்தில் நாலு தடவை சலவைக்குப் போட்டான். அப்பன் வேலை செய்கிற கடையில் ரசீது வாங்கி, வரிசையில் நின்று. எனக்கு மூன்றாவது தடவையே புரிந்துவிட்டது. கல்யாணம் ஆகி வீட்டுக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரி அவளுடைய பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

“எல்லாம் செத்தவங்க துணியாம்மா?”

“உயிரோட இருக்கிறவங்க துணி எனக்குப் பத்தல அத்தை.”

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து போன திங்கட்கிழமைதான் அவள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை முதல்முறையாக விட்டுவிட்டு வருகிற நாள். காலையில் கோட்டின் ஆறு பொத்தானும் மறுபடி பூட்ட முடிந்தது என்று ஒரு சந்தோஷம். கர்ப்பமாக இருந்தபோது இடுப்பைப் பிரித்து அகலமாக்கியிருந்தாள். அதை இன்னும் பழையபடி பிடித்துத் தைக்கவில்லை. கடைக்கு வந்ததும் எல்லோரும் குழந்தையைப் பற்றிக் கேட்டார்கள். நான்தான் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

பதினொரு மணி இருக்கும். ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது, கறுப்புக் கால்சட்டை, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். கையில் மடித்து மடித்துக் கிழியப்போகும் ரசீது. பேச வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது எங்க அம்மா கோட்.”

மருமகள் சிரித்தாள். இப்படிச் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. பழைய துணி போட்டால் எல்லோருக்கும் அம்மாவோ சித்தியோ ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் இது மாதிரி நிறையத் தைத்திருப்பார்கள் மேடம் என்று பதமாகத்தான் சொன்னாள்.

“இடது கையை நீட்டுங்க.”

நீட்டினாள்.

“அந்த இலைக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கும். அடுப்புப் பொறி பட்ட ஓட்டை. அம்மா அதை மூடத்தான் இலை போட்டாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு, பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்.”

இலைக்கு அடியில் ஓட்டை இருப்பது மருமகளுக்குத் தெரியும். உள்துணி மாற்றினவளுக்குத் தெரியாதா? ஆவி மேஜையை விட்டு நான் முன்னால் வந்தபோது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

ரசீதை வாங்கிப் பார்த்தாள். 4417. நீல முத்திரை. திருப்பினாள். பின்பக்கம் அவளுடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ‘தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைத்ததும் சொல்கிறோம்’. கீழே தேதி, ஐந்து வருடத்துக்கு முந்தினது. கீழே அவள் பெயர்.

அந்த அம்மா கோட்டின் பின்கழுத்தைப் புரட்டிச் சீட்டைப் பார்த்தார். மருமகள் அந்தச் சீட்டைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். அவளுடைய துணிகளிலேயே அதற்கு மட்டும்தான் ஒரு எண் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு பிரியம்.

“கோட்லயும் அதே நம்பர். ரசீதுலயும் அதே நம்பர். இது உன் கையெழுத்துதானே?”

“என்னோடதுதான் மேடம். ஆனா அது நீலம். இது வெள்ளை.”

முதலாளியம்மா பக்கத்தில் வந்து தலையாட்டினார், எல்லாம் தெளிவாகிவிட்ட மாதிரி. நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். அந்த அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் வழிதவறி வந்தவர் பார்ப்பதுபோல.

“நம்பருக்கு என்னம்மா கலரு?”

முதலாளியம்மா விளக்கினார். விளக்க விளக்க அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. சரி, நோட்டைப் பார்க்கலாம் என்று ஓரத்து அலமாரி நோட்டை எடுத்துவரச் செய்தார். 4417, வெள்ளை, மருமகளின் கையெழுத்து, தேதி. ரசீதின் பின்பக்கத் தேதிக்கு ஒன்பது நாள் முந்தினது.

“ஆக, கோட்டை எடுத்துட்டுப் போய் வீட்ல வச்சுட்டு, ஒன்பது நாள் கழிச்சு என்கிட்ட தேடுறோம்னு எழுதிக் குடுத்திருக்கா. நான் அன்னைக்கு அவ்வளவு கெஞ்சினேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், அதைத்தான் கேக்கிறாங்கன்னு. என் முகத்தைப் பார்த்துக்கிட்டேதானே எழுதின?”

மருமகளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. நீல நூல் துணிகள் முழுவதையும் அவள் அன்று இரண்டு மணிநேரம் புரட்டித் தேடினாள். நானும் பார்த்தேன். ரசீதில் கோட் ஒன்று என்று மட்டும்தான் இருந்தது, நிறத்தை அந்த அம்மாவும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வெள்ளை நூலில் தேட யாருக்குத் தோன்றும்?

அந்த அம்மா கைப்பேசியை எடுத்துவிட்டார். போலீஸ் என்ற சொல் வந்தது. வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா முகம் இறுகியது. நூல் நிறம் பொய் சொல்லாது, ஆனால் இலை அடியில் ஓட்டையும் பொய் சொல்லாது. இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கவேண்டும்.

“கோட்டைக் கழட்டும்மா,” என்றார்.

ஆறு பொத்தான். ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே பழைய மெல்லிய சட்டை, மார்பில் பால் ஊறி நனைந்த இரண்டு வட்டம். அதை மறைக்கக் கை உயர்ந்தது, பிறகு முதுகு வளைந்தது, தலை முன்னால் வந்தது. ஐந்து வருடம் ஒரே நிமிடத்தில் போய்விட்டது. கோட்டை உள்பக்கம் தெரியும்படி கவுண்டர்மேல் வைத்தாள். காலர் என் பக்கம் இருந்தது. சீட்டு என் கண்ணுக்கு நேராக.

முதலாளியம்மா அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். விசாரித்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை நூல். நாலு மூலையிலும் குறுக்குத் தையல். ஓரத்தில் இரட்டை முடிச்சு. எங்கள் கடையில் சீட்டுத் தைக்கிற பெண் ஒற்றை முடிச்சுதான் போடுவாள். இரட்டை முடிச்சு போடுகிறவன் கடையிலேயே ஒருத்தன்தான். பட்டாளத்துக்குத் துணி தைத்த என் அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு அது. பொத்தான் அறுந்தால் போடுவேன், சீட்டு அறுந்தால்…

அப்போது எல்லாம் வந்தது. கெட்டிக் கம்பளி ஒன்று இஸ்திரி மேஜையின் விளிம்பில் மாட்டிச் சீட்டு பிய்ந்தது. தைக்கிற பெண் அன்று வரவில்லை. நீல நூல் அவள் பெட்டிக்குள், பெட்டி பூட்டியிருந்தது. என் சட்டைப் பையில் குத்திவைத்திருந்த ஊசியில் வெள்ளை நூல். இப்போதைக்கு இது இருக்கட்டும், நாளைக்கு நீலத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தைத்தேன். நாளைக்கு வந்தது, மறந்துபோனேன். ஒரு மாதமே ஆன துணி, நாலரை வருடத்துப் பழைய வெள்ளைச் சுற்றுத் துணியாகிவிட்டது. அலமாரி ஒதுக்குகிறவர்கள் நூலைப் பார்த்தார்கள், ஓரத்துக்குத் தள்ளினார்கள். எடுத்துக்கோம்மா என்று நானே சொன்னேன்.

உடனே வாயைத் திறந்தேனா என்றால், இல்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. முப்பத்தொரு வருடம் என்று நினைத்தேன். இந்த வயதில் வேறு எந்தக் கடையில் இஸ்திரி மேஜை தருவான் என்று நினைத்தேன். பேத்தியை நினைத்தேன், அது மட்டும் நியாயம் மாதிரி இருந்தது. மருமகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கவுண்டர் பலகையைத் தூக்கினாள். அவ்வளவு நேரம் நான் பேசாமல் நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது தலை நிமிரவில்லை. கூன் போட்ட அந்தத் தோளைப் பார்த்ததும்தான், வீட்டில் கிடக்கிற இன்னொரு சின்னத் தோள் ஞாபகம் வந்தது. அதுவும் நாளைக்கு இதைப் பார்த்துத்தானே நிற்கப் பழகும்?

“அம்மா, அந்தச் சீட்டைத் தைச்சது நான்.”

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

ரசீதுக்கார அம்மா நம்பவில்லை. நம்பவேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

“இவர் யாரு?”

“என் மாமனார்,” என்றாள் மருமகள், கதவருகில் நின்றபடி.

“அதானே.”

கறைக்காரர் அதுவரை வாயே திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கவுண்டர்மேல் வைத்தார். “அண்ணன் சொல்றது நிஜம்னா, சீட்டுக்கு அடியில நீலம் கொஞ்சமாவது மாட்டிக்கிட்டிருக்கணும். பிய்ஞ்ச நூலு கம்பளியை அவ்வளவு லேசுல விடாது,” என்றார். நான் ஊசியை எடுத்ததும் மருமகள் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். என் இரட்டை முடிச்சை நெம்பி, ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். முதல் மூலையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது மூலையில் சீட்டைத் தூக்கியபோது கம்பளி மயிருக்குள் சிக்கிக்கொண்டு ஒரு நீலத் துணுக்கு, அரிசி நீளம். நாலாவதில் இன்னொன்று.

அந்த அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அம்மா வண்டியில் உட்கார்ந்திருக்கிறார், அவரை ரொம்ப நேரம் உட்காரவைக்க முடியாது என்று மட்டும் சொன்னார்.

கோட்டைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று மருமகள் கேட்டாள். வெளியே குளிர். அந்த நனைந்த சட்டையோடுதான் போனாள். நான் பின்னால் போனேன்.

வண்டியின் பின்சீட்டில் அந்தப் பாட்டி இருந்தார். கோட்டைப் பார்த்ததும் முகத்தில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டார். இலையைத் தொட்டார். பிறகு உள்பக்கம் இடுப்புத் தையலுக்கு வந்ததும் விரல் நின்றது.

“இடுப்பை யாரு பிரிச்சது?”

“நான்தான் பாட்டி. வயித்துல பிள்ளை இருந்தப்போ.” மருமகள் கொஞ்சம் தயங்கினாள். “அங்க ஏற்கனவே பழைய ஊசித்தடம் ஒண்ணு இருந்துச்சு. அது மேலேயே பிரிச்சேன்.”

பாட்டி தலையைத் திருப்பி, வண்டிக்கு வெளியே நின்ற தன் மகளைக் காட்டினார்.

“இவ வயித்துல இருந்தப்போ பிரிச்சது.”

அவ்வளவுதான் பேச்சு. மகள் முன்பக்கம் ஏறினார். பாட்டி கோட்டை மடியில் போட்டுக்கொண்டார். வண்டி போய்விட்டது. கோட்டை நீயே வைத்துக்கொள் என்று அவர் சொல்வார் என்று நான் ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அவர் எதற்குச் சொல்லவேண்டும்? அது அவருடைய கோட்.

முதலாளியம்மா மருமகளை வேலையில் வைத்துக்கொண்டார். என்னையும்தான். இனிமேல் நான் ஊசியைத் தொடக்கூடாது என்றார். ஒரு சீட்டு அறுந்தாலும் இரண்டு பேர் பார்த்துத்தான் தைக்கவேண்டும். என் சட்டைப் பையிலிருந்த ஊசியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று மத்தியானம் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை மஞ்சளாக்கினேன். முப்பத்தொரு வருடத்தில் இரண்டாவது தடவை.

பிறகு நாலு நாள். அவள் என்மேல் கோபம் காட்டவில்லை, காட்டியிருந்தால் தேவலை. சாப்பிட வாங்க மாமா, குழந்தையைப் பிடிங்க மாமா, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அண்ணனுடைய சாம்பல் சட்டை ஒன்றைப் பெட்டி அடியிலிருந்து தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். பெரிய காலர் சட்டைகள், மடிப்புப் பாவாடைகள் எல்லாம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் யாருடையதோ என்று மகனிடம் சொன்னாளாம். யாராவது கதவைத் திறந்து உள்ளே வந்து, எங்க அக்காவோட பாவாடை அது என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்றாளாம். கவுண்டரில் மறுபடி முதுகு வளைந்தது. கறைக்காரர் அவளை எந்தப் பட்டம் வைத்தும் கூப்பிடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் கல்யாணத்துக்குத் தைத்த கோட் அதில் இருந்தது. காப்பிக்கொட்டை நிறம், காலர் காது மாதிரி அகலம், போட்டது வாழ்க்கையில் மூன்று தடவை. என் தோளும் அந்தக் காலத்தில் கொஞ்சம் அகலம்தான். சலவை மூட்டை தூக்கித் தூக்கி வந்த அகலம். வீட்டுக்காரி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சும்மா பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டேன். காலரை மட்டும் மூன்று தடவை. மருமகள் காலையில் குழந்தைக்குப் பால் கொடுக்கிற நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு வந்தேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலையில் நான் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அந்த அறையில் இருந்தாள். சத்தம் இல்லை. ஹேங்கர் ஆணியில் உரசுகிற சத்தம் கேட்டது. மறுபடி சத்தம் இல்லை. பேத்தி என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, அது தன்னுடையது இல்லை என்று தெரிந்த மாதிரி. எனக்கு அதைத் தடுக்கக்கூடத் தோன்றவில்லை.

வெளியே வந்தாள். கோட்டைப் போட்டிருந்தாள். கை ஒரு அங்குலம் நீளம், இடுப்பில் ஊசி குத்திப் பிடித்திருந்தாள். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. பொத்தான் போடவில்லை இன்னும். பின்கழுத்தை எட்டிப் பிடித்துக் காலரைப் புரட்டி, சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“முதல்ல ரசீதைக் காட்டுங்க மாமா. அப்புறம் பொத்தான் போட்டுக்கிறேன்.”